20 ஆண்டுத் திட்டம், இரண்டாண்டு ஆட்கள்: நகரப் புத்துயிர்ப்புப் பணியில் இறங்கும் குடியிருப்போர் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

சீர்குலைந்துபோன ஒரு நகரப் பகுதியை மீட்டெடுப்பதற்கான திட்டம் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆண்டுகளைக் கணக்கில் வைத்தே எழுதப்படுகிறது. அதை நிறைவேற்ற முன்வரும் குடியிருப்பாளரோ, வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தரக்கூடியவர். அதையும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் தருவது பெரும்பாலோருக்கு இயலாது. பிள்ளைகளின் படிப்பு, பணி மாற்றம், பெற்றோரின் உடல்நிலை, வீடு மாறுதல் என்று ஏதேனும் ஒன்று குறுக்கே வந்துவிடும். இதை யாருடைய குறையாகவும் கொள்ளக் கூடாது. திட்டத்தின் காலத்துக்கும் ஆட்களின் காலத்துக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டு அதற்கேற்பக் குழுக்களை அமைத்தால் திட்டம் நடக்கும். ஆர்வமுள்ள நாலு பேர் கடைசிவரை இழுத்துக்கொண்டு போவார்கள் என்று நம்பியிருந்தால், அந்த நாலு பேரும் களைத்துப்போகும் நாளில் திட்டமும் நின்றுவிடும். கீழே சொல்லப்படும் வழிமுறைகள் எல்லாம் இந்த ஒரு கவலையிலிருந்து பிறந்தவையே.

திட்ட ஆவணத்தை வேலைகளாகப் பிரித்தல்

வல்லுநர்கள் எழுதித் தரும் திட்ட ஆவணம் வரைபடங்களும் நோக்கங்களும் நிறைந்ததாக இருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலையில் யார் எங்கே போய் எதைச் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்காது. எனவே குழு அமைப்பதற்கு முன்பே ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஆவணத்தை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு பரிந்துரையையும் மூன்று வகைகளில் ஒன்றில் சேர்க்க வேண்டும். குடியிருப்பாளர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியவை முதல் வகை. நகராட்சியோடு சேர்ந்து செய்ய வேண்டியவை இரண்டாவது வகை. அரசு மட்டுமே செய்ய முடிந்தவை, அதாவது நாம் கேட்டுப் பெற வேண்டியவை, மூன்றாவது வகை. இந்தப் பிரிவினை செய்யப்படாத இடங்களில், பெரிய வடிகால் எப்போது வரும் என்று காத்திருந்தே மக்கள் ஆண்டுகளைக் கழிப்பார்கள். கையருகே இருக்கும் வேலைகள்கூட நடக்காமல் கிடக்கும்.

இந்தப் பிரிவினை எவ்வளவு பெரிய பலனைத் தரும் என்பதற்குக் கராச்சியின் ஓரங்கிப் பகுதி நல்ல சான்று. 1980-இல் அக்தர் ஹமீத் கான் அங்கே தொடங்கிய ஓரங்கி முன்னோடித் திட்டம், கழிவுநீர் அமைப்பை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. வீட்டுக் கழிப்பறை, சந்துக்குள் ஓடும் நிலத்தடிக் குழாய், அக்கம்பக்கச் சந்துகளின் நீரைச் சேர்க்கும் துணைக் கால்வாய் ஆகியவற்றை மக்களே தங்கள் பணத்திலும் மேற்பார்வையிலும் அமைத்துக்கொள்வது. தலைமைக் கால்வாயையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் அரசு அமைப்பது. அமைப்பின் அலகாக ஒரு சந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 20 முதல் 40 வீடுகள் கொண்ட அந்தச் சந்தின் மக்கள் தங்களுக்குள் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொறுப்பாளர்களே வீடுவீடாகப் பணம் திரட்டி வேலையை நடத்தினார்கள். திட்ட அலுவலகம் அளவெடுத்துக் கொடுத்தது, கருவிகளை இரவல் தந்தது, தொழில்நுட்பம் சொல்லிக் கொடுத்தது. மக்களின் பணத்தை மட்டும் அது கையில் வாங்கவில்லை. ஒருவரையொருவர் முகம் தெரிந்த வட்டத்துக்குள் பணமும் பொறுப்பும் இருந்ததால் ஏமாற்றுவதற்கும் சந்தேகப்படுவதற்கும் இடம் குறைவாக இருந்தது. உங்கள் பகுதியில் வேலை கழிவுநீரைப் பற்றியதாக இல்லாமல் போகலாம். ஆனாலும் அலகு சிறியதாக இருக்க வேண்டும் என்பதும், யாருடைய பங்கு எது என்பது தொடக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் எங்கும் பொருந்தும்.

குழுக்களை அமைத்தல்

இரண்டு அடுக்குகள் போதும். முழுத் திட்டத்தையும் கண்காணிக்கும் ஓர் ஒருங்கிணைப்புக் குழு மேலே. குறிப்பிட்ட ஒரு வேலையை எடுத்து முடிக்கும் பணிக்குழுக்கள் கீழே. அமெரிக்காவில் 1977-இல் மூன்று சிற்றூர்களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1980-இல் தேசிய மையமாக வளர்ந்த கடைவீதி மீட்பு இயக்கம் தன் வேலையை அமைப்பு, விளம்பரம், வடிவமைப்பு, பொருளாதாரம் என்று நான்கு துறைகளாகப் பிரித்தது. ஆள் பலம் உள்ள இடங்களில் அந்த முறை நன்றாகவே நடந்திருக்கிறது. இருப்பினும் புதிதாகத் தொடங்கும் பகுதிகள் துறைவாரியாகக் குழு அமைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ‘சுற்றுச்சூழல் குழு’ என்று பெயர் வைத்தால் அதற்கு முடிவே கிடையாது. கூடுவார்கள், பேசுவார்கள், கலைவார்கள். ‘மூலையிலுள்ள காலிமனையை விளையாட்டிடமாக்கும் குழு’ என்று பெயர் வைத்தால், அது எப்போது வெற்றி பெற்றது என்பது தெருவில் போகிற எவருக்கும் தெரியும்.

ஒரு பணிக்குழுவில் ஐந்து முதல் ஒன்பது பேர் வரை இருக்கலாம். அதற்குக் குறைந்தால் ஒருவர் விலகினாலே வேலை தடைப்படும். அதற்கு மிஞ்சினால் பாதிப் பேர் பார்வையாளர்களாகிவிடுவார்கள். ஒருங்கிணைப்புக் குழுவின் பதவிக்காலத்தை இரண்டு ஆண்டுகளாக வைத்து, அனைவரும் ஒரே நாளில் வெளியேறாதபடி ஆண்டுதோறும் பாதிப் பேர் மாறுமாறு விதியை எழுதுங்கள். புதிதாக வரும் பாதிப் பேர் பழைய பாதிப் பேரோடு ஓராண்டு சேர்ந்து உழைப்பதுதான் நடைமுறையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பயிற்சி. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணைப் பொறுப்பாளரை முதல் நாளே நியமித்துவிடுங்கள். தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தேவை வரும் நாளில் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

யார் குழுவில் இருக்கிறார்கள் என்பது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட முக்கியம். பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில் 1984-இல் டட்லி தெரு அண்டைப்புற முன்முயற்சி தொடங்கியபோது, அதன் நிர்வாகக் குழுவில் வெளி நிறுவனங்களுக்கே பெரும்பான்மை இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர்கள் எழுந்து, எங்களில் எத்தனை பேர் இதில் இருக்கிறோம் என்று கேட்டார்கள். அதன் பிறகு நிர்வாகக் குழு மாற்றி அமைக்கப்பட்டு, குடியிருப்பாளர்களுக்குப் பெரும்பான்மை கிடைத்தது; அவர்களுக்கான இடங்கள் அப்பகுதியில் வாழ்ந்த கறுப்பினத்தவர், கேப் வெர்டியர் (மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத் தீவு நாட்டினர்), லத்தீன் அமெரிக்கர், வெள்ளையர் ஆகிய நான்கு சமூகங்களுக்கும் சமமாகப் பகிரப்பட்டன. அந்த அமைப்பு பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இந்தத் தொடக்ககால மாற்றம் பெரிய காரணம் என்றே கருதுகிறேன்.

உங்கள் குழுவைக் கூட்டும்போது சொந்த வீட்டுக்காரர்களோடு வாடகைக்குக் குடியிருப்போரும், சிறுகடைக்காரர்களும், நடைபாதை வியாபாரிகளும், சக்கர நாற்காலியில் செல்வோரும், இரவுப்பணி பார்ப்போரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். இவர்கள் வரவில்லை என்றால் அக்கறையில்லாதவர்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கூட்டம் நடக்கும் நேரமும் இடமும் அவர்களுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பது கேள்வியாக இருக்கலாம். நேரத்தை மாற்றி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்து, பிறகு மீண்டும் அழைத்துப் பாருங்கள்.

ஒரு வேலை, ஒரு தாள்

ஒவ்வொரு பணிக்குழுவும் தன் வேலையை ஒரே தாளில் எழுத வேண்டும். மனையைச் சீராக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். தாளின் தலைப்பில் மனையின் அளவீட்டு எண்ணும், அது யார் பெயரில் இருக்கிறது என்பதும், நுழைய எழுத்து மூலம் அனுமதி பெற்ற தேதியும் இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் முள்செடியைக்கூட வெட்டக் கூடாது. உரிமையாளர் பின்னால் வழக்குத் தொடுத்தால் குழுவின் பெயரே கெட்டுவிடும். அடுத்து, நான்கு பக்கத்து எல்லைகளை யார் அளந்தார், அண்டை வீட்டார் அதை ஒப்புக்கொண்டார்களா என்பது. அதற்குப் பிறகு கட்டட இடிபாடுகளை எந்த வண்டி ஏற்றிச் செல்லும், எங்கே கொட்டும், அங்கே கொட்டுவதற்கு ஒப்புதல் உண்டா என்பது. இங்கிருந்து அகற்றிய குப்பையை அடுத்த தெருவின் மூலையில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் குழுக்களும் உண்டு என்பதால் இதை எழுத்தில் வைப்பது அவசியம்.

பெரும்பாலோர் எழுத மறந்துவிடும் வரி ஒன்று உண்டு: நட்ட கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றப்போவது யார், எந்தக் குழாயிலிருந்து, வாரத்தில் எத்தனை முறை என்பது. மரம் நடும் விழாவுக்கு ஐம்பது பேர் வருவார்கள். ஏப்ரல் மாதத்து மதியத்தில் வாளியோடு போகப்போகிற அந்த ஒருவரின் பெயர் தாளில் இல்லாவிட்டால், இரண்டாம் ஆண்டில் அங்கே காய்ந்த குச்சிகளே நிற்கும். தாளின் அடியில் வேலை முடிந்ததற்கான அடையாளத்தை எழுதுங்கள்: வேலி போடப்பட்டது, விளக்கு எரிகிறது, மழைநீர் தேங்கவில்லை, பராமரிப்பை ஒருவர் ஏற்றுக் கையெழுத்திட்டார். இந்த நான்காவது அடையாளம் நிறைவேறும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கில் எழுத வேண்டாம்.

வேலையின் கால அளவு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் அடங்க வேண்டும். அதற்குமேல் நீளும் வேலை என்றால் அது ஒரே வேலையாக இருக்காது. இரண்டாகவோ மூன்றாகவோ உடைத்து வெவ்வேறு தாள்களில் எழுதுங்கள். தன் காலத்திலேயே ஒன்றைத் தொடங்கி முடித்த நிறைவோடு ஒருவர் விலகினால், சில ஆண்டுகள் கழித்து அவரே திரும்பி வருவதற்கான வாய்ப்பு அதிகம்.

முதல் ஆண்டில் எதைத் தொடுவது

முதல் ஆண்டின் வேலை கண்ணுக்குத் தெரிவதாக, எல்லோரையும் பாதிக்கும் ஒன்றாக, தோல்வி அடைந்தால் பெரிய இழப்பு இல்லாததாக இருக்க வேண்டும். டட்லி தெருவில் ஏறத்தாழ 1,300 காலிமனைகள் கிடந்தன. அவற்றில் வெளியிடங்களிலிருந்து வந்து குப்பையும் இறைச்சிக் கழிவும் கொட்டிவிட்டுப் போனார்கள். வீடு கட்டும் பெருந்திட்டம் தயாராவதற்கு முன்பே, ‘எங்கள் மேல் கொட்டாதே’ என்ற முழக்கத்தோடு குப்பைக்கு எதிரான இயக்கத்தை 1986-இல் அங்கே தொடங்கினார்கள். அது வென்றபோது, நாம் கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை மக்களுக்கு வந்தது. 1988-இல் அப்பகுதியின் மையத்திலிருந்த காலிமனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகத்திடமிருந்து பெறும் அளவுக்கு அந்த நம்பிக்கை வளர்ந்தது. லிவர்பூலின் கிரான்பி தெருக்களிலும் முதலில் நடந்தது இதுபோன்ற எளிய வேலைதான். இடிப்பதற்காகக் காலி செய்யப்பட்ட வீடுகளின் பலகையடைத்த சன்னல்களுக்கு எஞ்சியிருந்த குடியிருப்பாளர்கள் வண்ணம் பூசினார்கள், தெருவில் செடிகள் வைத்தார்கள், சந்தை நடத்தினார்கள். அவர்கள் 2011-இல் சமூக நில அறக்கட்டளை ஒன்றை, அதாவது நிலத்தைச் சமூகத்தின் பெயரில் வைத்திருக்கும் அமைப்பை, அமைத்து வீடுகளை மீட்டார்கள்; அங்கே பணியாற்றிய வடிவமைப்புக் குழுவுக்கு 2015-இல் பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது.

இதில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சிறிய வேலைகளிலேயே மனநிறைவு அடைந்துவிடும் குழுக்கள் உண்டு. ஆண்டுதோறும் சுவருக்கு வண்ணம் பூசுவதும் தெருவைப் பெருக்குவதுமாக இருந்துவிட்டால் ஓட்டை வடிகாலும் இடிந்த பள்ளிக் கட்டடமும் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு சிறிய வேலையும் அடுத்து வரும் பெரிய வேலை ஒன்றுக்கு ஆளையோ, உரிமையையோ, தகவலையோ சேர்த்துத் தருகிறதா என்று ஒருங்கிணைப்புக் குழு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நகராட்சியோடு பணியாற்றுதல்

அதிகாரி நல்லவராக இருப்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அவர் அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போய்விடுவார். வாய்மொழி உறுதிகள் அனைத்தையும் அன்றே கடிதமாக்கி, ‘இன்று நடந்த சந்திப்பில் தாங்கள் கூறியபடி’ என்று தொடங்கி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலைக் கோப்பில் வையுங்கள். இத்தாலியின் போலோனா நகராட்சி 2014-இல் இதற்கென்றே ஒரு விதிமுறையை இயற்றியது. பூங்காவையோ, தெருவையோ, பொதுக் கட்டடத்தையோ பேணிக் காக்க விரும்பும் குடிமக்கள் நகராட்சியோடு ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொள்ளலாம். யார் என்ன செய்வார்கள், எவ்வளவு காலத்துக்கு, பொருள்களை யார் தருவார்கள் என்பதெல்லாம் அதில் எழுதப்படும். உங்கள் ஊரில் அப்படியொரு விதி இல்லாவிட்டாலும், அதே கேள்விகளுக்கு விடை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட இரண்டு பக்க உடன்படிக்கைக்குத் தடை ஏதும் இருக்க வாய்ப்பில்லை.

நிதிநிலை அறிக்கை தயாராகும் மாதங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை வெளியான பிறகு கொடுக்கப்படும் மனு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குத்தான் போகும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் நகராட்சிப் பணத்தின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதை மக்களே கூடி முடிவுசெய்யும் பங்கேற்பு நிதிநிலை முறை 1989-இல் தொடங்கியது. அதன் வலிமை, மக்கள் கூட்டங்களும் நகராட்சியின் நிதி நாட்காட்டியும் ஒரே ஆண்டுச் சுழற்சியில் இணைக்கப்பட்டதில் இருந்தது. உங்கள் பகுதிக்கு அந்த உரிமை இல்லையென்றாலும், உங்கள் கூட்டங்களை அந்த நாட்காட்டிக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. பல துறைகள் ஒரே தெருவைத் தோண்டும் கொடுமையைத் தவிர்ப்பதும் குழுவால் முடிந்த காரியமே. குடிநீர், வடிகால், மின்சாரம், சாலை ஆகிய துறைகளின் அவ்வாண்டு வேலைப் பட்டியலைக் கேட்டு வாங்கி ஒரே வரைபடத்தில் குறித்து, அந்தத் துறையினர் அனைவருக்கும் அனுப்பினால் போதும்.

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, மாதம் ஒருமுறை வரவு செலவைப் பொது அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் வதந்தி கிளம்பும். வதந்தி கிளம்பிய பிறகு காட்டும் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

நினைவைக் காப்பது

ஆட்கள் மாறும் அமைப்பில் நினைவு தாளில் இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகம் ஒன்று, வேலைத் தாள்களின் கோப்பு ஒன்று, கடிதப் போக்குவரத்துக் கோப்பு ஒன்று ஆகிய மூன்றும் ஒருவர் வீட்டு அலமாரியில் இல்லாமல் நூலகம், பள்ளி, சங்க அலுவலகம் போன்ற பொது இடத்தில் இருக்கட்டும். படமெடுத்த நகல் குறைந்தது மூவரிடம் இருக்கட்டும். தீர்மானத்தோடு நின்றுவிடாமல் அதன் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். ‘பேருந்து நிறுத்தத்தைக் கிழக்குப் பக்கம் மாற்றக் கோருவது’ என்று மட்டும் எழுதியிருந்தால், ஆறு ஆண்டுகள் கழித்து வரும் குழு அதை மீண்டும் மேற்குப் பக்கம் மாற்றக் கேட்கும். ‘மேற்குப் பக்கம் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லாததால்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் அந்த வீண் வேலை தவிரும். தோற்றுப்போன முயற்சிகளையும் அதே அக்கறையோடு பதிவு செய்யுங்கள்; மறுக்கப்பட்ட மனுவும் மறுப்புக்குச் சொன்ன காரணமும் பின்னால் வருவோருக்குப் பெரிய உதவி.

பகுதியின் நிலையை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், ஒரே வழியில் நடந்து பதிவு செய்யும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எரியாத விளக்குக் கம்பங்களின் எண், பூட்டிக் கிடக்கும் கடைகள், நீர் தேங்கும் இடங்கள், உடைந்த நடைபாதைக் கற்கள் ஆகியவற்றை எழுதி, ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் நின்று படமெடுக்க வேண்டும். பத்து ஆண்டுகளில் அந்தப் பதிவு நகராட்சியிடம்கூட இல்லாத ஆவணமாகிவிடும்.

வெற்றியால் விரட்டப்படாமல் இருக்க

இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். தெரு சீரானதும் வாடகை ஏறும். வடிகாலுக்காகவும் விளக்குக்காகவும் உழைத்த குடும்பங்களே அங்கே வாழ முடியாமல் வெளியேறுவது உலகின் பல நகரங்களில் நடந்திருக்கிறது. விலை ஏறிய பிறகு இதற்கு மருந்து கிடையாது. நிலம் மலிவாக இருக்கும் தொடக்க ஆண்டுகளிலேயே முடிந்த அளவு நிலத்தைச் சமூகத்தின் பெயருக்குக் கொண்டுவர வேண்டும். டட்லி தெருவில் இதற்காகச் சமூக நில அறக்கட்டளை ஒன்று உருவாக்கப்பட்டது. நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும். அதன்மேல் உள்ள வீட்டைக் குடும்பம் வாங்கிக்கொள்ளும். நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. வீட்டை விற்கும்போது விலைக்கு வரம்பு உண்டு. சட்டம் இடம் தராத ஊர்களில் கூட்டுறவு வீட்டுச் சங்கம், நீண்டகால வாடகை ஒப்பந்தம், புதிய கட்டடங்களில் குறைந்த வாடகை வீடுகளைக் கட்டாயமாக்கும் நிபந்தனை ஆகியவற்றில் எது சாத்தியம் என்பதைச் சட்டம் தெரிந்த ஒருவரோடு முதல் ஆண்டிலேயே ஆராயுங்கள். ஆண்டு நடையின்போது வாடகை நிலவரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றம் தொடங்குவதை முன்கூட்டியே காட்டும் கருவி வேறு எதுவும் உங்களிடம் இருக்கப்போவதில்லை.

மறுபரிசீலனையும் கலைப்பும்

20 ஆண்டுகளுக்கு முன் எழுதிய இலக்குகள் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவின் சட்டனூகா நகரில் 1984-இல் குடிமக்கள் கூட்டங்கள் நடத்தி 2000-ஆம் ஆண்டை நோக்கி 40 இலக்குகளை வகுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை முடிந்தோ தொடங்கியோ இருந்த நிலையில், எஞ்சியதை இழுத்துக்கொண்டிருக்காமல் 1993-இல் மீண்டும் மக்களைக் கூட்டிப் புதிய இலக்குகளைக் கேட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நீங்களும் அப்படிக் கேளுங்கள். இடையில் குடிவந்தவர்களுக்கும், திட்டம் எழுதியபோது பள்ளிக் குழந்தைகளாக இருந்தவர்களுக்கும் அதில் சம உரிமை கொடுங்கள்.

வேலை முடிந்த பணிக்குழுவைக் கலைத்துவிட வேண்டும். கலைப்பதற்கு முன் கடைசியாக ஒரு கூட்டம் கூட்டி, சாவிகள், கருவிகள், நிலுவையில் உள்ள மனுக்களின் எண்கள், மீதிப் பணம், வங்கிக் கையெழுத்து உரிமை ஆகியவற்றை ஒருங்கிணைப்புக் குழுவிடம் பட்டியலிட்டு ஒப்படைத்து, தொடர் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைப் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உறுப்பினர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும்.